இருபத்தைந்து குழல் இருந்தும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

1870 பிரான்ஸ்–பிரஷ்யப் போர் பற்றிய உங்கள் கட்டுரையில், பிரெஞ்சுப் படையிடம் கைப்பிடியைச் சுழற்றிச் சுடும் இயந்திரத் துப்பாக்கி இருந்தது என்று ஒரு வரி வருகிறது. பிரஷ்யாவிடம் அது இல்லை. பிறகு எப்படித் தோற்றார்கள்? துப்பாக்கி சரியில்லையா?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

துப்பாக்கி ஓரளவு சரியாகத்தான் இருந்தது. அதைக் கொண்டுபோய் நிறுத்திய இடம்தான் கோளாறு. (பிரஷ்யாவின் கூட்டாளியான பவேரியாவிடம் நான்கு குழல் துப்பாக்கி ஒன்று இருந்தது. அது வேறு கதை.)

மித்ரையோஸ் என்ற அந்த ஆயுதத்தில் 25 குழல்கள், வரிசைக்கு ஐந்தாக. 25 தோட்டாக்கள் செருகிய தட்டைப் பின்னால் வைத்து இறுக்கிக் கைப்பிடியைச் சுழற்றினால் ஒவ்வொன்றாக வெடிக்கும். காலியான தட்டை எடுத்துவிட்டு அடுத்ததை வைக்க வேண்டும். பழகிய ஆட்கள் நிமிடத்துக்கு நூறு குண்டு வரை சுடுவார்கள். கைப்பிடியால் இயங்கும் அமெரிக்கக் கேட்லிங் துப்பாக்கியில் குழல்களே சுழலும். இதில் அவை அசையாது.

பீரங்கி வண்டியில் ஏற்றிக் குதிரைகள் இழுத்துவந்த இதைப் பீரங்கிப் படையிடமே கொடுத்தார்கள். ஒவ்வொரு காலாட்படை டிவிஷனின் மூன்று பேட்டரிகளில் (பீரங்கி அணிகளில்) ஒன்று இதுதான். அதாவது அத்தனை பீரங்கிகள் குறைந்தன. ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால் வெட்டவெளியில் நிறுத்திச் சுட்டபோது குண்டு எங்கே விழுகிறது என்பதே தெரியவில்லை. பீரங்கிக் குண்டு வெடித்தால் புகை தெரியும், குறியைத் திருத்தலாம். தோட்டாவில் அது ஏது? குண்டுகள் அகலமாகப் பரவவும் இல்லை. எதிரே க்ரூப் நிறுவனத்தின் எஃகுப் பீரங்கிகள் நிதானமாகக் குறிவைத்து இவற்றை நொறுக்கின.

இன்னொன்று, ரகசியம். மூன்றாம் நெப்போலியனின் ஆதரவில் ரெஃபி என்ற அதிகாரி இதைப் பொத்திப் பொத்தி உருவாக்கினார். விளைவு, போர் தொடங்கியபோது இதை இயக்கத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். எங்கே நிறுத்தலாம் என்று யோசித்திருந்த தளபதிகள் அதைவிடக் குறைவு. எதிரியிடமிருந்து மறைக்கப் போய்ச் சொந்தப் படையிடமிருந்தே மறைத்துவிட்டார்கள்!

ஆனால் அதே போரில், ஆகஸ்ட் 18 அன்று கிராவ்லோத் என்ற இடத்தில், நெருங்கி வந்த காலாட்படை மேல் சுட்டபோது இதே ஆயுதம் கடும் சேதம் விளைவித்தது. அதைக் கவனிக்காமல், இந்த வகையே உதவாது என்று ஐரோப்பியத் தளபதிகள் பலர் முடிவுகட்டியதுதான் எனக்கு வியப்பு.

சரியான இடத்தில் நிறுத்தினால் என்ன ஆகும் என்பது பின்னாளில் தெரிந்தது. 1898இல் ஸ்பெயினோடு நடந்த போரில், கியூபாவின் சான் ஹுவான் குன்றில் அமெரிக்க லெப்டினன்ட் பார்க்கர் கேட்லிங்குகளைக் காலாட்படையோடு முன்னே கொண்டுபோனார். சுமார் எட்டரை நிமிடம் சுட்டதில் ஸ்பானியர்கள் பதுங்குகுழிகளை விட்டு ஓடத் தொடங்கினார்கள். சுழற்றக் கைப்பிடியே தேவைப்படாமல் தானாகவே தொடர்ந்து சுடும் மாக்சிம் துப்பாக்கி வந்து அப்போது பத்தாண்டுக்கு மேல் ஆகிவிட்டது.