சிங்கப்பூர் உணவகங்களில் வெளிநாட்டு ஊழியர்கள் வயதான உள்ளூர்க்காரர்களின் வேலையைப் பறிக்கிறார்களா?

சிங்கப்பூரில் ஓர் இந்திய உணவகத்தின் அடுப்படியில் ஏழு வருடத்துக்கும் மேலாக வேலை செய்கிறேன். எஸ் பாஸில், அதாவது நடுத்தரத் திறன் ஊழியருக்கான வேலை அனுமதியில் வந்தவன். கேள்வியில் சொல்லியிருக்கும் வெளிநாட்டு ஊழியரில் நானும் ஒருவன்.

பறிக்கவில்லை. அந்த வயதான உள்ளூர்க்காரர்கள் வேலையில் இருப்பதால்தான் எனக்கு வேலை இருக்கிறது. நன்றிக்காகச் சொல்லவில்லை, மனிதவள அமைச்சின் கணக்கே அப்படித்தான்.

உணவகங்களும் அடங்கும் சேவைத் துறையில், ஒரு நிறுவனத்தின் மொத்த ஆட்களில் எஸ் பாஸ், வொர்க் பெர்மிட் (சாதாரணத் தொழிலாளருக்கான அனுமதி) வைத்திருக்கும் வெளிநாட்டவர் 35 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 2019 வரை 40 ஆக இருந்தது, 2020-இல் 38, 2021 ஜனவரியில் 35. எஸ் பாஸுக்கு அதற்குள்ளேயே 10 சதவீதம்தான். அதாவது ஒரு வொர்க் பெர்மிட்டுக்கு ஏறக்குறைய இரண்டு உள்ளூர்க்காரர் வேண்டும். ஒரு எஸ் பாஸுக்கு ஒன்பது பேர். எங்கள் கடையில் அந்த ஒன்பது பேரில் ஆறு பேர் அறுபதைத் தாண்டியவர்கள். தட்டு கழுவவும் மேசை துடைக்கவும் உள்ளூர் இளைஞர் யாரும் எங்களிடம் வந்து கேட்டதில்லை.

அப்புறம் இன்னொரு விஷயம். ஆட்கள் பட்டியலில் பெயர் இருந்தால் மட்டும் போதாது. உள்ளூர்க்காரருக்கு மாதம் ஒரு குறைந்தபட்சச் சம்பளம் கொடுத்து, அதற்கு மத்திய சேமநிதியும் கட்டியிருந்தால்தான் ஒரு ஆளாக எண்ணுவார்கள். அதில் பாதியாவது வந்தால் அரை ஆள். அந்தத் தொகை 1,400 வெள்ளியாக (சிங்கப்பூர் டாலர்) இருந்தது, 2024 ஜூலையில் 1,600 ஆனது.

அந்த மாதம்தான் எனக்கு மறக்க முடியாதது. பாத்திரம் கழுவும் இடத்தில் ஒரு சீன ஆன்ட்டி இருக்கிறார், அப்போது வயது 66. என்னைத் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார். அவருக்கும் எனக்கும் பொது மொழி கொஞ்சம் மலாய், கொஞ்சம் உடைந்த ஆங்கிலம். நான் வந்த புதிதில் அவசரத்தில் கொதிக்கும் சாம்பார்ப் பானையைத் தனியாகத் தூக்கப் போனபோது, சோப்பு நுரையோடு ஓடி வந்து பானையின் மறுபக்கக் கைப்பிடியைப் பிடித்து, "பெலான், பெலான்" என்றார். மெதுவா, மெதுவா என்று அர்த்தம். நான் இங்கே கற்ற முதல் மலாய்ச் சொல் அது.

அவர் பகுதி நேரம், மாதம் 1,450 வெள்ளி. புதிய கணக்குப்படி அரை ஆளாகிவிட்டார். ஒன்பது, எட்டரை ஆனது. எட்டரைக்கு எஸ் பாஸ் கிடையாது, எனக்கோ பாஸ் புதுப்பிக்கும் நேரம். முதலாளி அவரைக் கூப்பிட்டு வாரத்துக்கு இன்னும் மூன்று மணி நேரம் நிற்கச் சொன்னார். அவருடைய முழங்கால் எப்படி இருக்கிறது என்று யாருமே கேட்கவில்லை. அன்று நானும் கேட்கவில்லை, அது இன்னும் உறுத்துகிறது. சாயங்காலம் ஆன்ட்டி என்னிடம் வந்து, "தம்பி, இவ்வளவு நாள் நான் முழு ஆள், இப்போ அரை ஆளா?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே புரியாமல் கேட்டார்.

அந்த மூன்று மணி நேரத்தையும் அவர் உட்கார்ந்தே செய்யும்படி மாற்றச் சொல்லி முதலாளியிடம் பேசினேன். பூண்டு உரிப்பது, வாழையிலை துடைத்து அடுக்குவது, கரண்டிகளைத் தாளில் சுற்றுவது. பெரிய அண்டாக்களை இப்போது நானும் ஒரு மலேசியப் பையனும் கழுவுகிறோம். முதலாளி ஒரே நாளில் சரி என்றார். யாராவது முன்பே கேட்டிருந்தால் முன்பே நடந்திருக்கும்.

வெளிநாட்டுப் பையன்களிடம் ஒரு முணுமுணுப்பு உண்டு: 'அவங்களுக்கு மட்டும் சம்பளம் ஏறுது.' 2023 மார்ச்சிலிருந்து உணவுத் துறைக்குப் படிப்படியான சம்பள முறை (குறைந்த சம்பளக்காரரின் அடிப்படைச் சம்பளத்தைக் கட்டம் கட்டமாக உயர்த்தும் அரசு விதி) வந்தது, அது உள்ளூர்க்காரருக்குத்தான். எனக்கு அதில் வருத்தம் இல்லை. வருடக்கணக்கில் குறைந்த கூலிக்கு நின்றவர்கள் அவர்கள், வாடகையும் மருந்துச் செலவும் இந்த ஊரிலேயே பார்க்க வேண்டியவர்கள். வெளிநாட்டவர் மலிவு என்பதும் முழு உண்மையில்லை. ஒவ்வொருவருக்கும் முதலாளி மாதாமாதம் அரசாங்கத்துக்குத் தீர்வை கட்ட வேண்டும்.

என் வருத்தம் வேறு. இரண்டு பக்கத்து ஆட்களையும் எண்ணிக்கையாகவே பார்த்துப் பழகிவிட்டோம். வொர்க் பெர்மிட்காரர்களுக்கு 60 ஆக இருந்த வயது வரம்பு 2025 ஜூலையில்தான் 63 ஆனது. உள்ளூர்க்காரருக்கு மறுவேலை வயது, அதாவது ஓய்வு வயதுக்குப் பிறகும் முதலாளி வேலை தர முன்வர வேண்டிய வயது வரம்பு, 2022-இல் 68 ஆனது. வயதானவரைக் கூடுதல் வருடம் வைத்துக்கொள்கிறோம், சரி. ஆனால் எங்கள் கழுவும் தொட்டியின் உயரம் அப்படியே இருக்கிறது, தரை அப்படியே வழுக்குகிறது. பெரிய கடைகளில் பாத்திரம் கழுவும் இயந்திரம் பார்த்திருக்கிறேன், எங்களுக்கு இன்னும் வரவில்லை.

நீங்கள் இங்கே வேலைக்கு வரப் போகிறவர் என்றால், சேர்ந்த முதல் வாரத்திலேயே கூட வேலை பார்க்கும் ஆன்ட்டி, அங்கிள் யாருக்கு எங்கே வலி என்று தெரிந்துகொள்ளுங்கள். எங்கள் ஆன்ட்டிக்கு வலது முழங்கால். மழை நாளில் கூடுதலாக வலிக்கும், அன்றைக்குப் பூண்டு மூட்டையை அவர் பக்கத்திலேயே கொண்டுபோய் வைத்துவிடுவோம்.