"அம்மா வேணுமா, அப்பா வேணுமா?" என்று என் மகளை மறுபடியும் கேட்கப் போகிறார்களா?

அன்புள்ள ஆலோசகர் அவர்களுக்கு,

நான் குடியாத்தத்தில் என் தாய்வீட்டில் இருக்கிறேன். கணவர் ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். எங்களுக்கு 11 வயதில் ஒரு மகளும் 7 வயதில் ஒரு மகனும் இருக்கிறார்கள். நாங்கள் பிரிந்து ஒன்றரை ஆண்டு ஆகிறது. அடி, குடி என்று எதுவும் இல்லை. ஒரே வீட்டில் இருக்க முடியாது என்ற நிலைக்கு இருவருமே வந்துவிட்டோம். வேலூர் குடும்ப நல நீதிமன்றத்தில் வழக்கு நடக்கிறது. நீதிபதி எங்களைச் சமரசத்துக்கு அனுப்பினார். நகை, சீர், பணம் எல்லாம் மூன்று அமர்வுகளில் பேசி முடித்துவிட்டோம். பிள்ளைகள் யாரிடம் எத்தனை நாள் இருப்பது என்பதில்தான் பேச்சு நின்றுபோயிற்று.

இப்போது மத்தியஸ்தர், குழந்தைகளோடு பேசிப் பழகிய ஓர் உளவியல் ஆலோசகர் எங்கள் பிள்ளைகளைத் தனியாகச் சந்திக்கட்டும், அவர்கள் மனதில் இருப்பதைக் கேட்டு வந்து எங்களிடம் சொல்லட்டும் என்கிறார். இருவரும் சம்மதித்தால்தான் நடக்குமாம். கணவர் சம்மதித்துவிட்டார். எனக்குத்தான் பயமாக இருக்கிறது.

காரணம் இருக்கிறது. பிரிந்த புதிதில் இரண்டு வீட்டுப் பெரியவர்களும் எங்கள் கூடத்தில் உட்கார்ந்து பேசினார்கள். அப்போது கணவரின் பெரியப்பா என் மகளைக் கூப்பிட்டு நடுவில் நிற்க வைத்து, "சொல்லும்மா, உனக்கு அம்மா வேணுமா, அப்பா வேணுமா?" என்று கேட்டார். அவள் சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பின்கட்டுக்கு ஓடி வாந்தி எடுத்தாள்.

மாதத்தில் இரண்டு வாரம் சனி, ஞாயிறு அப்பாவிடம் போய் வருகிறார்கள். போவதற்கு முந்தைய இரவு "நான் போகலம்மா" என்று அழுகிறாள். அவரோ, ஞாயிறு மாலை கிளம்பும்போது "இங்கேயே இருக்கேன்ப்பா" என்று அவள் அழுவதாகச் சமரசத்தில் சொல்கிறார். நான் பிள்ளை மனதைக் கெடுக்கிறேன் என்று அவரும், அவர்தான் கெடுக்கிறார் என்று நானும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். குடியாத்தம் பேருந்து நிலையத்தில் அவர் விட்டுவிட்டுப் போனதும், அப்பா வாங்கிக் கொடுத்த கண்ணாடி வளையல்களை அவள் கழற்றி, கைக்குட்டையில் முடிந்து, பையின் அடியில் வைத்துவிட்டுத்தான் என்னோடு வீட்டுக்கு வருகிறாள். அவளுக்கு அவரைப் பிடிக்கவில்லை என்பதற்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? மகன் எதுவும் பேசுவதில்லை. ஆனால் சில மாதங்களாக மறுபடியும் படுக்கையை நனைக்கிறான்.

நான் சம்மதிக்கலாமா? அவள் சொல்வதை வைத்தே தீர்ப்பு எழுதிவிடுவார்களா? அவள் அப்பா என்று சொல்லிவிட்டால் நான் என்ன செய்வது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, குடியாத்தம்

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்தக் கூடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகளிடம் அன்று கேட்கப்பட்டது பெரியவர்கள் தங்களுக்குள் எடுக்க முடியாமல் தவித்த முடிவு. அதை அவள் தலையில் இறக்கி வைத்தார்கள்; எந்தப் பதிலைச் சொன்னாலும் அவள் ஒருவரை இழக்க வேண்டியிருந்தது, அதுவும் அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே. வாந்தி வந்ததில் வியப்பில்லை. மத்தியஸ்தர் சொல்லும் சந்திப்பில் அந்தக் கேள்வி வரவே கூடாது. முறையாகப் பயிற்சி பெற்ற எவரும் அதைக் கேட்க மாட்டார்கள். ஆகவே உங்கள் பயம் நியாயமானது, ஆனால் அது இந்தச் சந்திப்பின் மேல் வர வேண்டிய பயம் இல்லை என்றே நினைக்கிறேன்.

அடுத்து வளையல்கள். உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்த வரிகளைத்தான். பிடிக்காதவர் கொடுத்த பொருளை ஒரு குழந்தை எங்காவது போட்டுவிட்டு மறந்துவிடும். உங்கள் மகள் உடையாமல் இருக்கக் கைக்குட்டையில் முடிந்து வைக்கிறாள். அவளுக்கு அவை வேண்டும். அவற்றைப் பார்த்து உங்கள் முகம் மாறிவிடக்கூடாது என்பதும் வேண்டும். வெள்ளி இரவு உங்களிடம் அழுவதும் ஞாயிறு மாலை அவரிடம் அழுவதும் இதன் தொடர்ச்சிதான். இரண்டில் ஒன்று பொய்யாக இருக்க வேண்டும் என்று நீங்கள் இருவரும் நினைக்கிறீர்கள், எனக்கு இரண்டுமே உண்மையாகத்தான் தெரிகிறது. யாரை விட்டுப் போகிறாளோ அவருக்கு வலிக்கக்கூடாது என்பதற்காக அவரிடம் அப்படிச் சொல்கிறாள். பிரிந்த பெற்றோரின் பிள்ளைகளிடம், அதிலும் மூத்த பெண்பிள்ளைகளிடம், இதை நான் அடிக்கடி பார்த்திருக்கிறேன். பிள்ளை மனதை யாராவது திட்டமிட்டுக் கெடுப்பதும் உண்டுதான், ஆனால் நீங்கள் எழுதியிருப்பதில் எனக்கு அது தெரியவில்லை.

இப்படி இரண்டு வீட்டிலும் இரண்டு பேரையும் காப்பாற்றிக்கொண்டிருக்கும் குழந்தைக்கு, யாரையும் காப்பாற்ற வேண்டியிராத ஒரு மூன்றாவது மனிதர் முன்னால் ஒரு மணி நேரம் உட்காரக் கிடைப்பது பெரிய ஆறுதல். அந்தச் சந்திப்பில் நீங்கள் இருவரும் இருக்க மாட்டீர்கள். ஆலோசகர் தொடக்கத்திலேயே அவளிடம், "முடிவு எடுக்கப் போவது உன் அம்மாவும் அப்பாவும், உனக்கு எது சுலபம், எது கஷ்டம் என்று தெரிந்துகொள்ளத்தான் வந்திருக்கிறேன்" என்று சொல்லிவிடுவார். பள்ளி, தூக்கம், தோழிகள், கிளம்பும் நேரம், இரண்டு வீட்டிலும் அவளுக்கு என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று பேச்சு போகும். 7 வயது மகன் வாயால் சொல்லாததை இரண்டு வீடுகளையும் வரையும்போது காட்டக்கூடும். முடிவில் "இதில் எதை அம்மா அப்பாவிடம் சொல்லட்டும், எதைச் சொல்ல வேண்டாம்?" என்று பிள்ளைகளிடமே கேட்டுக்கொண்டு, அவர்கள் அனுமதித்ததை மட்டும் உங்கள் இருவரிடமும் சேர்த்துச் சொல்வார். குழந்தைக்கு ஆபத்து இருப்பதாகத் தெரிந்தால் மட்டும் ரகசியம் காக்க முடியாது. அதையும் குழந்தையிடம் முன்பே சொல்லிவிடுவார்கள்.

பிள்ளைகள் அப்போது சொல்வது பெரும்பாலும் நாம் அஞ்சும் பெரிய பதிலாக இருப்பதில்லை. கணக்கு நோட்டு அந்த வீட்டில் மாட்டிக்கொண்டு திங்கட்கிழமை திட்டு வாங்கியது, பள்ளி ஆண்டு விழாவில் இருவரும் வருவார்களா என்று கேட்கவே பயமாக இருந்தது, கைபேசியில் அப்பாவோடு பேசும்போது பாட்டி பக்கத்திலேயே நிற்பது. சமரசத்தில் நீங்கள் இருவரும் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தபோது அவர்களை அழுத்தியது இப்படி ஏதாவது ஒன்றாகக்கூட இருக்கலாம்.

இது வெறும் நல்லெண்ணத்தில் சொல்வதல்ல. ஆஸ்திரேலியாவில் உளவியலாளர் ஜெனிஃபர் மெக்கின்டோஷும் அவரது குழுவினரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், பெற்றோரிடம் மட்டும் பேசிய சமரசத்தையும் பிள்ளைகளையும் சந்தித்துக் கேட்ட சமரசத்தையும் ஒப்பிட்டார்கள். பிள்ளைகளைக் கேட்ட குடும்பங்களில் ஒப்பந்தங்கள் அதிகம் நிலைத்தன. அப்பாவோடு பிள்ளைகளுக்கு இருந்த நெருக்கமும் மேம்பட்டது. நம் மண்ணுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது, இங்கே தாத்தா பாட்டியும் மாமனும் சித்தப்பாவும் சேர்ந்துதான் குடும்பம். ஆனால் குழந்தையின் நெஞ்சு எங்கும் ஒன்றுதான்.

சட்டத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் மற்றும் காப்பிலுள்ளோர் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, விவரம் தெரிந்து விருப்பம் சொல்லும் வயது வந்த குழந்தையின் விருப்பத்தை நீதிமன்றம் கருத்தில் கொள்ளலாம் என்கிறது. கொள்ளலாம் என்பதுதான் சொல், அதுவே தீர்ப்பு ஆகாது. எல்லாவற்றுக்கும் மேலாகக் குழந்தையின் நலனே பார்க்கப்படும். குடும்ப நல நீதிமன்றங்கள் சட்டம், 1984, இதற்காக நிபுணர்களின் உதவியைப் பெறவும் வழி செய்திருக்கிறது. 1992-இல் இந்தியா ஏற்றுக்கொண்ட ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவும் குழந்தையின் கருத்தை அதன் வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப மதிக்கச் சொல்கிறது. சமரசத்தில் பேசப்படுவது ரகசியம். அதை வழக்கில் சாட்சியமாக்கக்கூடாது. ஆனாலும் சம்மதிக்கும் முன் ஆலோசகரின் குறிப்புகள் யாரிடம் இருக்கும் என்று மத்தியஸ்தரிடம் கேட்டு, எழுத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள். ஆலோசகர் குழந்தைகளோடு வேலை செய்யப் பயிற்சி பெற்றவரா என்றும் கேளுங்கள். வீட்டில் வன்முறையோ மிரட்டலோ இருந்திருந்தால், அதை முதலில் சொல்லுங்கள், பிள்ளைகளை அனுப்பாதீர்கள் என்றே எழுதியிருப்பேன்.

சம்மதித்தால், முடிந்தவரை நீங்களும் அவரும் ஒரே வார்த்தைகளில் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்: ஒருவரைப் பார்க்கப் போகிறீர்கள், பேசப் பிடித்ததைப் பேசலாம், பிடிக்காததை விட்டுவிடலாம், நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம். பிள்ளைகள் வராமல் அடம் பிடித்தால் வற்புறுத்த வேண்டாம். சந்திப்பு முடிந்து, நீதிமன்றம் இருக்கும் சத்துவாச்சாரியிலிருந்து திரும்பும் பேருந்தில் "என்ன கேட்டாங்க, நீ என்ன சொன்னே?" என்ற கேள்வி உங்கள் வாயிலிருந்தும் உங்கள் அம்மாவின் வாயிலிருந்தும் வரக்கூடாது. அது மிகக் கடினம் என்று எனக்குத் தெரியும். வழியில் எதையாவது வாங்கிக் கொடுத்து, வேறு பேச்சு பேசிக்கொண்டு வாருங்கள். அதுவரை காத்திருக்காமல், அடுத்த ஞாயிறே பேருந்து நிலையத்தில் அவள் கை வளையலுக்குப் போகும்போது "அழகா இருக்கு, போட்டுக்கிட்டே வா" என்று சொல்லிப் பாருங்கள். அவள் கழற்றினால் விட்டுவிடுங்கள், அடுத்த முறையும் சொல்லுங்கள். மகன் படுக்கையை நனைப்பதற்காக அவனைத் திட்டவோ அக்காவோடு ஒப்பிடவோ வேண்டாம். ஒரு குழந்தைகள் நல மருத்துவரிடமும் காட்டிவிடுங்கள்.

"அவள் அப்பா என்று சொல்லிவிட்டால்?" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த வரியை எழுதும்போது உங்கள் கை நடுங்கியிருக்கும். அப்பாவோடு இன்னும் கொஞ்ச நாள் வேண்டும் என்று அவள் சொல்லக்கூடும், அல்லது சனிக்கிழமை மட்டும் போதும் என்றும் சொல்லக்கூடும். எது வந்தாலும் அன்றே கையெழுத்துப் போட வேண்டியதில்லை; ஒரு வாரம் அவகாசம் கேளுங்கள், மூன்று மாதம் நடத்திப் பார்த்து மாற்றிக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். முடிவானதும் இருவரில் யாராவது ஒருவர் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்து, அவர்கள் சொன்னதில் எதைச் செய்திருக்கிறீர்கள், எதைச் செய்ய முடியவில்லை, ஏன் என்று சொல்ல வேண்டும். அந்த நோட்டுப் புத்தகம் இனி இரண்டு வீட்டிலும் இருக்கும் என்பதாக இருந்தாலும் சரி, அதைச் சொல்லுங்கள்.