சட்டக் கல்லூரியில் மாணவர்களே நடத்தும் சட்ட இதழின் ஆசிரியர் குழுவில் சேரலாமா? படிப்புக்கு இடையே அதற்கு நேரம் ஒதுக்குவது தகுமா?

தயங்காமல் சேருங்கள். ஐந்தாண்டுப் படிப்பில் இரண்டரை ஆண்டுகள் அப்படியோர் இதழில் வேலை பார்த்தேன். இப்போது வழக்கறிஞராக இருக்கிறேன். ஒரு தீர்ப்பை எப்படிப் படிக்க வேண்டும் என்பதை நான் கற்றது அங்கேதான்.

எனக்குக் கிடைத்த முதல் வேலை, நிலம் கையகப்படுத்தல் பற்றி ஒரு பேராசிரியர் எழுதிய கட்டுரையின் அடிக்குறிப்புகளைச் சரிபார்ப்பது. வழக்கின் பெயர், ஆண்டு, பக்க எண் எல்லாம் சரியாக இருந்தன. சரி என்று குறித்துக் கொடுத்துவிட்டேன். மூத்த மாணவியான அக்கா ஒருவர், "அந்தப் பக்கத்தைத் திறந்து படித்தாயா?" என்று மட்டும் கேட்டார். இருவரும் நூலகத்துக்குப் போய் தீர்ப்புகளைத் தொகுத்து வெளியிடும் ஏ.ஐ.ஆர். (ஆல் இந்தியா ரிப்போர்ட்டர்) வரிசையில் அந்தத் தொகுதியை எடுத்துப் பிரித்தோம். மேற்கோள் காட்டிய வாக்கியம் எழுத்துப் பிசகாமல் அங்கே இருந்தது. ஆனால் அந்தப் பத்தி முந்தைய பக்கத்தின் அடியில், "மனுதாரர் தரப்பு வழக்கறிஞர் வாதிட்டதாவது" என்று தொடங்கியிருந்தது. அடுத்த பக்கத்திலேயே நீதிமன்றம் அந்த வாதத்தை நிராகரித்திருந்தது. கட்டுரையோ அதையே நீதிமன்றத்தின் முடிவாகச் சொல்லியிருந்தது! பேராசிரியருக்கு எழுதினோம். அவர் நன்றி தெரிவித்து, அந்தப் பகுதியையே திருத்தி அனுப்பினார். இரண்டாம் ஆண்டு மாணவனுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது இன்றும் நினைவிருக்கிறது.

பிறகு கேசவானந்த பாரதி வழக்கை மேற்கோள் காட்டும் கட்டுரை எது வந்தாலும் கூடுதல் கவனத்தோடு பார்ப்போம். 1973இல் உச்ச நீதிமன்றத்தின் 13 நீதிபதிகள் தீர்ப்பளித்த வழக்கு அது. 11 தனித்தனித் தீர்ப்புகள். அரசியல் சட்டத்தின் அடிப்படைக் கட்டமைப்பை மாற்ற முடியாது என்ற முடிவு 7க்கு 6 என்ற கணக்கில் வந்தது. அங்கே "நீதிமன்றம் கூறியது" என்று மொட்டையாக எழுதினால் விடமாட்டோம். எந்த நீதிபதி, பெரும்பான்மைத் தரப்பா சிறுபான்மைத் தரப்பா என்று எழுதியவரிடம் கேட்டே தீருவோம்.

மாணவர்களே ஆசிரியர்களாக இருக்கும் இந்த வழக்கம் அமெரிக்காவில் வேரூன்றியது. ஹார்வர்டு லா ரிவ்யூ 1887இல் தொடங்கியது. 1890இல் வாரன், பிராண்டைஸ் என்ற இரு வழக்கறிஞர்கள் தனியுரிமை பற்றி அதில் ஒரு கட்டுரை எழுதினார்கள். 2017இல் நம் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, புட்டசாமி வழக்கில் தனியுரிமையை அடிப்படை உரிமை என்று அறிவித்தபோது, அந்தக் கட்டுரையையும் எடுத்துப் பேசியது. மாணவர்கள் அச்சேற்றிய ஒன்று 127 ஆண்டுகள் கழித்து நம் ஊர்த் தீர்ப்பில் வந்து நிற்கிறது. இந்தியாவிலும் பெங்களூரு தேசியச் சட்டப் பள்ளியின் இதழ், கொல்கத்தாவின் என்.யு.ஜே.எஸ். சட்டப் பல்கலைக்கழகத்தின் லா ரிவ்யூ போன்றவற்றை மாணவர்களே நடத்துகிறார்கள்.

குறையும் உண்டு. இருபது வயதில் இருப்பவர்கள் பேராசிரியர்களின் கட்டுரைகளைத் தேர்ந்தெடுப்பது சரியா என்ற விமர்சனம் பழையது. அதில் பாதி நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். வேளாண் குத்தகைச் சட்டம் பற்றி வந்த ஒரு நல்ல கட்டுரையை நாங்கள் திருப்பி அனுப்பினோம். எங்களில் ஒருவருக்கும் அந்தச் சட்டம் தெரியாது, அதுதான் காரணம். அரசியல் சட்டம் என்றால் உடனே எடுத்துக்கொண்டோம். அந்தத் துறை அறிந்த ஒருவரிடம் அனுப்பிக் கருத்துக் கேட்டிருக்க வேண்டும். இப்போது நிலவழக்குகளை நடத்தும்போது அந்தக் கட்டுரை கையில் இல்லையே என்று வருந்துகிறேன். நீங்கள் சேரும் இதழில், வெளியிலிருந்து துறை வல்லுநர்கள் கட்டுரையைப் படித்துக் கருத்துச் சொல்லும் ஏற்பாடு உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால், சேர்ந்த பிறகு நீங்களே அதைத் தொடங்கிவைக்கலாம்.

ஆசிரியர் குழுவுக்கு ஆள் எடுக்க வைக்கும் தேர்வைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். எங்களுக்கு வேண்டுமென்றே பிழைகளைச் செருகிய நான்கு பக்கங்களைக் கொடுத்துத் திருத்தச் சொன்னார்கள். அண்மைத் தீர்ப்பு ஒன்றைப் பற்றிச் சிறு குறிப்பும் எழுதினோம். அதற்குத் தயாராக, ஏதாவதொரு கட்டுரையின் பத்து அடிக்குறிப்புகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் மூலத்தையும் தேடிப் படித்துப் பாருங்கள். மேற்கோள் உள்ள பக்கத்துக்கு முந்தைய பக்கத்திலிருந்து தொடங்குங்கள்.