ஒரு வாளித் தண்ணீர்

அன்புள்ள ஐயா,

போன மாதம் அப்பாவுக்கு வருடத் திதி முடிந்தது. அவருடைய அறையை ஒழித்தபோது ஒரு தகரப் பெட்டி நிறையக் கட்சி மாநாட்டு மலர்களும், தலைவர்களின் பிறந்தநாள் மலர்களும், அறுபது எழுபது பக்க வாழ்க்கை வரலாறுகளும் கிடைத்தன. ஐம்பது வருடச் சேமிப்பு. அப்பா பெரிய பதவி எதிலும் இருந்ததில்லை. கடைசிவரை கிளை அளவில்தான் நின்றார்.

பத்துப் பன்னிரண்டு நூல்களைப் படித்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் தலைவர் பிறக்கும்போதே தலைவராகப் பிறக்கிறார். ஐந்து வயதில் அநீதியைத் தட்டிக்கேட்கிறார். எதிர்த்தரப்பு எழுதியதைத் தேடிப் படித்தால் அதே மனிதர் பிறவி அயோக்கியர். இரண்டுக்கும் நடுவில் ஒரு மனிதர் இருந்திருப்பார் அல்லவா, அவரை எங்கே தேடுவது?

நீங்கள் இப்போது என்ன படிக்கிறீர்கள்? அரசியல் தலைவர்களைப் பற்றிய நூல்களில் உங்களுக்குப் பிடித்தவை எவை? இணையத்தில் எல்லாம் கிடைக்கும்போது இவற்றைப் படிப்பது வீண் என்கிறான் மகன். பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடச் சொல்கிறார் அம்மா.

மு., விருதுநகர்

அன்புள்ள மு.,

பெட்டியைப் போட்டுவிடாதீர்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது என் மேசையில் கிடப்பது அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சனைப் பற்றி ராபர்ட் காரோ எழுதிய வரிசையின் முதல் தொகுதி. மூன்றாவது முறையாகப் படிக்கிறேன். 1982இல் வந்த நூல். இதுவரை நான்கு தொகுதிகள் வந்திருக்கின்றன. ஐந்தாவதை அவர் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார், அதுவும் தட்டச்சு இயந்திரத்தில். காரோ 1935இல் பிறந்தவர். வயதைக் கணக்கிட்டுப் பார்த்தால் அந்தத் தொகுதிக்காகக் காத்திருக்கும் எங்களைப் போன்றவர்களின் கவலை உங்களுக்குப் புரியும்.

வியட்நாமில் லட்சக்கணக்கானவர்கள் சாகக் காரணமானவர்களில் ஒருவரைப் பற்றி இத்தனை ஆயிரம் பக்கம் ஏன் படிக்கவேண்டும் என்று என் மனைவி கேட்டார். நல்ல கேள்விதான். என் பதில் முதல் தொகுதியில் வரும் ஒரு வாளி.

ஜான்சன் பிறந்தது டெக்சாஸ் மாநிலத்தின் மலைநாட்டுப் பகுதியில். வறண்ட பூமி, ஒன்றுக்கொன்று வெகுதொலைவில் பண்ணை வீடுகள். நியூயார்க்கிலேயே வளர்ந்த காரோவுக்கு அந்த மக்கள் முதலில் பிடிகொடுக்கவில்லை. இரண்டு நாள் வந்து கேட்டுவிட்டுப் போய் எழுதுகிறவர்களை அவர்கள் நிறையப் பார்த்திருந்தார்கள். அதனால் மனைவி ஐனாவுடன் அங்கேயே குடிபோனார். மூன்று வருடம் போல வாழ்ந்தார். அதன்பிறகுதான் கிழவிகள் வாயைத் திறந்தார்கள்.

ஒரு மூதாட்டி அவரைப் பலகை போட்டு மூடிக்கிடந்த பழைய கிணற்றடிக்குக் கூட்டிப்போய், நீ நகரத்துப் பையன், தண்ணீர் எவ்வளவு கனம் என்று உனக்குத் தெரியாது என்று சொல்லி, வாளியை இறக்கி இழுக்கச் சொன்னார். இழுத்துப் பார்த்தார் காரோ. அந்தப் பெண்களெல்லாம் ஏன் வயதுக்கு மீறிக் கூன் விழுந்திருந்தார்கள் என்பது அவருக்கு அப்போது விளங்கியது. பிறகு பழைய அரசு ஆய்வுகளைத் தேடிப்போனார். ஒரு பண்ணைக் குடும்பத்துக்கு ஒரு நாளைக்கு 200 காலன் தண்ணீர் தேவை, ஏறத்தாழ 750 லிட்டர். ஆண்கள் வயலில் இருப்பார்கள். இறைத்துச் சுமந்ததெல்லாம் பெண்கள். சலவை, விறகு அடுப்பில் காயவைத்த இரும்புப் பெட்டியால் துணி தேய்ப்பது, மண்ணெண்ணெய் விளக்கு என்று ஒரு முழு அத்தியாயம் போகிறது. ஜான்சன் அதில் ஏறக்குறைய வருவதே இல்லை.

அவர் அடுத்து வருகிறார். 1937இல் முதல்முறையாகப் பிரதிநிதிகள் சபைக்குத் தேர்வான இளைஞர், தன் தொகுதிக்கு மின்சாரம் வேண்டும் என்கிறார். ஒரு மைலுக்கு இத்தனை வீடுகள் இருந்தால்தான் கம்பி இழுப்போம் என்பது விதி. மலைநாட்டில் அத்தனை வீடுகள் கிடையாது. அவர் நச்சரிக்கிறார், முகஸ்துதி செய்கிறார், அதிபர் ரூஸ்வெல்ட் வரை போய் விதிவிலக்கு வாங்குகிறார். 1939இன் இறுதியில் ஓர் இரவு வெளியே போய்விட்டு வீடு திரும்பும் குடும்பம் ஒன்று, தொலைவில் தங்கள் வீடு பளீரென்று தெரிவதைப் பார்க்கிறது. வீடு பற்றிக்கொண்டது என்று பதறுகிறார் தாய். இல்லை அம்மா, விளக்கு எரிகிறது என்கிறாள் மகள். அதன்பின் அந்த வட்டாரத்தில் பிறந்த பல பிள்ளைகளுக்கு லிண்டன் என்று பெயர் வைத்தார்கள்.

எங்கள் துதிநூல்களில் இது ஒரே வாக்கியமாக வந்திருக்கும். 'தொகுதி மக்களுக்கு ஒளி வழங்கினார்.' அந்த வாக்கியத்தில் பொய் எதுவும் இல்லை. ஆனால் வாளி இல்லை.

இந்தத் தொகுதிக்குப் பின்னால் உள்ள இன்னொரு கதையையும் சொல்லிவிடுகிறேன். ஜான்சனின் தம்பி சாம் ஹூஸ்டன் ஜான்சன் அண்ணனைப் பற்றிச் சுவையான கதைகள் சொல்வார். குடித்துவிட்டு மிகைப்படுத்தினார் என்று காரோ அவரை ஒதுக்கிவைத்துவிட்டார். பின்பு நோயில் விழுந்து, குடியை விட்டு, அடங்கிப்போயிருந்த சமயத்தில், ஜான்சன் சகோதரர்கள் வளர்ந்த வீட்டுக்கு அவரை ஒரு மாலை காரோ அழைத்துப்போனார். அது அப்போது நினைவில்லம். பார்வையாளர்கள் கிளம்பியபின், சாப்பாட்டு மேசையில் சிறுவயதில் அவர் உட்கார்ந்த அதே இடத்தில் உட்காரவைத்தார். தான் எதிரே உட்காராமல் முதுகுக்குப் பின்னால், கண்ணில் படாமல் உட்கார்ந்துகொண்டு, அந்தக் காலத்து இரவுச் சாப்பாட்டு நேரத்துச் சண்டைகளைக் கேட்டார். மெல்ல ஆரம்பித்த கிழவர் தகப்பனும் மகனும் கத்திக்கொண்டதை அப்படியே கத்திக்காட்டினார். அது ஓய்ந்ததும் காரோ, நீங்கள் முன்பு சொன்ன அந்த நல்ல கதைகளை இன்னும் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள் என்றார். முடியாது என்றார் தம்பி. ஏன்? அவை எதுவும் நடக்கவே இல்லை.

பிறவித் தலைவர்களைப் பற்றி எழுதியிருந்தீர்களே, அவர்கள் இப்படித்தான் உற்பத்தியாகிறார்கள். தம்பிகளும் பள்ளித் தோழர்களும் தலைவரின் உயரத்துக்கு ஏற்றபடி அவருடைய குழந்தைப்பருவத்தைத் தைத்துத் தருகிறார்கள்.

காரோவிடமும் குறை உண்டு. 1948 செனட் தேர்தலைச் சொல்லும் இரண்டாம் தொகுதியில், ஏறத்தாழ பத்து லட்சம் வாக்குகள் பதிவான கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலில் ஜான்சன் 87 வாக்குகளில் வெல்கிறார். வாக்குப்பதிவு முடிந்து நாட்கள் கழித்து, 13ஆம் எண் பெட்டியிலிருந்து 202 வாக்குகள் புதிதாகக் கிளம்பி வருகின்றன. அதில் 200 அவருக்கு. வாக்காளர் பெயர்கள் அகரவரிசையில், ஒரே கையெழுத்தில் இருக்கின்றன. துப்பறியும் கதை தோற்றுவிடும். ஆனால் தோற்றுப்போன கோக் ஸ்டீவன்சனை ஏறக்குறைய முனிவராக்கிவிடுகிறார் காரோ. திருடியவரைக் காட்ட, பறிகொடுத்தவரைப் புனிதராக்கத் தேவையில்லை. இத்தனை கெட்டிக்காரருக்கே அந்தச் சறுக்கல் நேர்கிறது என்றால், மாநாட்டு மலர் எழுதியவரை ரொம்பக் கோபித்துக்கொள்ள முடியாது.

அந்த 87 வாக்குகள் இல்லாவிட்டால் 1957இன் குடிமை உரிமைச் சட்டம் செனட்டைத் தாண்டியிருக்குமா என்பது சந்தேகம். 1875க்குப் பிறகு அந்த வகையில் வந்த முதல் சட்டம் அது. கறுப்பின மக்களின் வாக்குரிமையை நிலைநாட்டிய 1965ஆம் ஆண்டுச் சட்டத்தில் கையெழுத்திட்டவரும் அதே ஆள்தான். நீங்கள் கேட்ட 'நடுவில் உள்ள மனிதர்' என்பவர் துதியில் பாதியும் வசையில் பாதியும் எடுத்துக் கலந்து செய்தவர் அல்லர் என்பதற்காக இதைச் சொல்கிறேன். திருடியதும் முழுசாக அவர், சட்டம் கொண்டுவந்ததும் முழுசாக அவர்.

சரி, அமெரிக்காவை விட்டு நம் பக்கம் வருவோம்.

தமிழில் எனக்கு மிகப் பிடித்தது ஒரு சின்னப் புத்தகம். ஆ.இரா. வேங்கடாசலபதியின் 'வ.உ.சி.யும் காந்தியும்: 347 ரூபாய் 12 அணா'. ஒரே மூச்சில் படித்துவிடலாம். வ.உ.சி.யின் கதை நம் எல்லோருக்கும் பள்ளிப் பாடம்: 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி, 1908இல் கைது, கோவைச் சிறையில் செக்கு. பாடப்புத்தகம் செக்கோடு நின்றுவிடும். 1912 டிசம்பரில் விடுதலையானபின் அவர் சோற்றுக்கு என்ன செய்தார் என்று யாரும் நமக்குச் சொல்லித்தரவில்லை.

1915இல் காந்தி சென்னைக்கு வந்து தம்பு செட்டித் தெருவில் ஜி.ஏ. நடேசன் வீட்டில் தங்குகிறார். வ.உ.சி. அவரைப் பார்க்க விரும்பி எழுதுகிறார். காலை ஆறு மணிக்கு வந்தால் சில நிமிடங்கள் ஒதுக்க முடியும் என்று பதில் வருகிறது. நாம் பேசவேண்டியது அந்தச் சில நிமிடங்களில் முடியாது என்று எழுதுகிறார் இவர். கடிதங்கள் போய்வருகின்றன. ஆறு மணிக்கு வரமுடியாமைக்கு அவர் சொல்லும் காரணம் இது: இப்போது என்னால் காசு கொடுத்து ஏறமுடிந்த ஒரே வண்டி டிராம், அது இங்கிருந்து ஐந்தரைக்குப் பிறகுதான் கிளம்புகிறது.

கப்பல் வாங்கியவர் எழுதுகிறார் இதை. நான் அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெளியே போய் நின்றேன்.

மீதி, பணத்தின் கதை. தென்னாப்பிரிக்காவில் இருந்த இந்தியர்கள் வ.உ.சி.க்காகத் திரட்டிய தொகை காந்தி மூலம் வரவேண்டியிருந்தது. யார் கொடுத்தது, எவ்வளவு என்பது காந்திக்கு நினைவில்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்கிறார். வ.உ.சி. தன் வறுமையை மறைக்காமல், அதே சமயம் தன்மானம் குறையாமல் நினைவூட்டிக்கொண்டே இருக்கிறார். 1916இன் தொடக்கத்தில்தான் 347 ரூபாய் 12 அணா வந்து சேர்கிறது. இதை வைத்துக் காந்தியைத் திட்டுகிறவர்களும் இருக்கிறார்கள், வ.உ.சி.க்காக உருகி முடித்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். சலபதி இரண்டையும் செய்யவில்லை. கடிதங்களைத் தேதிவாரியாக அடுக்கிவைக்கிறார். இணையத்தில் எல்லாம் கிடைக்கும் என்றாரே உங்கள் மகன்? வ.உ.சி. பிறந்த தேதியும் கப்பல்களின் பெயரும் அங்கே கிடைக்கும். காலை ஐந்தரை டிராமைக் கண்டுபிடிக்க, காகிதக் கட்டுகளோடு வருடக்கணக்கில் ஓர் ஆள் உட்கார்ந்திருக்கவேண்டியிருந்தது.

வ.உ.சி. தன் வரலாற்றைத் தானே செய்யுளில் எழுதியிருக்கிறார். அதையும் படியுங்கள். முதல் இருபது பக்கம் செய்யுள் தடையாக இருக்கும், பிறகு பழகிவிடும்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சர்வபள்ளி கோபால் மூன்று தொகுதிகளாக எழுதிய நேரு வரலாறு அடக்கமான, அழகான எழுத்து. ஆனால் அவர் வெளியுறவு அமைச்சகத்தின் வரலாற்றுப் பிரிவுக்குத் தலைமை வகித்தவர். சீன எல்லைத் தகராறு வரும் பக்கங்களை, அந்த அறைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தவர் எழுதுகிறார் என்ற நினைப்போடு படிக்கவேண்டும். கண்ணதாசனின் 'வனவாசம்' முழுக்க முழுக்க ஒருதலை வழக்கு. தன்னையே 'அவன்' என்று படர்க்கையில் வைத்து எழுதியதால், எதிரிகள்மீது வீசியதில் பாதி அவர்மீதே விழுகிறது, அதுதான் அந்த நூலைக் காப்பாற்றுகிறது. நான் சிறுவனாக இருந்தபோது துருக்கியின் கமால் அத்தாதுர்க்கையும் சீனத்தின் சன்யாட்சென்னையும் எனக்கு அறிமுகம் செய்தவர் வெ. சாமிநாத சர்மா. இரங்கூனில் இருந்துகொண்டு உலக அரசியலைத் தமிழனுக்குச் சொன்னவர், 1942இல் போரின் நடுவே கால்நடையாகத் திரும்பி வந்தவர். அவர் நடை இன்று கொஞ்சம் பழசாகத் தெரியலாம், தெரிந்தால் தெரியட்டும்.

இனி உங்கள் பெட்டி. இளம் நிருபராக இருந்தபோது காரோவுக்கு அவருடைய பத்திரிகை ஆசிரியர் ஒரு வேலை சொல்லிக்கொடுத்தார்: ஒரு பக்கம் விடாமல் புரட்டு. நீங்கள் கட்டுரைகளை மட்டும் படித்துவிட்டு அலுத்துப்போயிருக்கிறீர்கள். மாநாட்டு மலரில் படிக்கவேண்டியது விளம்பரப் பக்கங்கள். எந்த அரிசி ஆலை முழுப்பக்கம் கொடுத்தது, எந்தச் சாலை ஒப்பந்தக்காரர் ஆட்சி மாறியதும் அடுத்த மலரில் காணாமல்போனார், குழுப்படத்தில் போன வருடம் தலைவருக்கு வலப்பக்கம் நின்றவர் இந்த வருடம் எந்த வரிசைக்குத் தள்ளப்பட்டார். உங்கள் மாவட்டத்து அரசியலை என்றாவது ஒருவர் எழுத உட்கார்ந்தால், அவர் முதலில் தேடப்போவது இந்தப் பெட்டியைத்தான். எந்த நூலகத்திலும் முழுத் தொகுப்பாக இருக்கும் என்று நம்பாதீர்கள்.

அதைவிட முக்கியமான ஒன்று. பெட்டியைப் போட்டுவிடச் சொல்லும் உங்கள் அம்மாவிடம் உட்கார்ந்து பேசியிருக்கிறீர்களா? இரவுக் கூட்டம் முடிந்து அப்பாவோடு எத்தனை பேர் சாப்பிட வருவார்கள், அரிசி எங்கே கடன் வாங்கினார்கள், சிறைநிரப்புப் போராட்டத்தின்போது வீட்டில் என்ன இருந்தது, அந்தப் பெட்டியில் இருக்கும் தலைவர்களில் யாராவது உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தது உண்டா என்று கேளுங்கள். எதிரே உட்காராமல், அவர் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொள்ளுங்கள். முதல் நாள் அலுத்துக்கொள்வார்.

தகரப் பெட்டிக்குள் ஈரம் சேரும். அடியில் காய்ந்த வேப்பிலையும் இரண்டு துண்டு வசம்பும் போட்டு, மலர்களைக் கிடைமட்டமாக அடுக்கிவையுங்கள்.

அன்புடன்.