எங்கள் குலசாமி கோயிலுக்கு டைல்ஸ் போட்ட பிறகு

கேள்வி: உலகமயமாதலும் நவீன வாழ்க்கையும் மதத்தையும் பண்பாட்டு அடையாளத்தையும் எப்படி மாற்றுகின்றன?

உலகம் முழுவதற்குமாகப் பேச என்னால் முடியாது. எங்கள் குலசாமிக்கு என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

புதுக்கோட்டை மாவட்டம், திருமயம் பக்கம் எங்கள் ஊர். சாமி அய்யனார், காவலுக்குக் கருப்பர். என் சின்ன வயதில் கோயில் என்றால் கண்மாய்க்கரையில் ஒரு காடு, உள்ளே ஓட்டுக் கொட்டகை, இரண்டு பக்கமும் மண்குதிரைகள். அந்தக் காட்டில் யாரும் ஒரு சுள்ளிகூட ஒடிக்க மாட்டார்கள். கருப்பருக்குக் கூரை கிடையாது. வெயிலிலும் மழையிலும் நிற்பதுதான் அவருக்கு இஷ்டம் என்று அப்பத்தா சொல்லும்.

சாமிக்கு மண்குதிரை செய்து எடுத்து வரும் திருவிழாதான் புரவியெடுப்பு. அதற்கு நாள் குறித்ததும் ஊரார் ஒரு பிடி மண் எடுத்து, மண்பாண்டம் செய்யும் வேளாரிடம் கொடுப்பார்கள். அந்த மண்ணுக்குப் பிடிமண் என்றே பெயர். அது கைக்கு வந்த பிறகுதான் அவர் குதிரை செய்யத் தொடங்குவார். சூளையில் சுட்டு, வண்ணம் பூசி, கண் திறந்து, தோளில் தூக்கிக்கொண்டு கோயிலுக்கு வருவோம். பிள்ளை வரம் வேண்டியவர்கள் மதலை, அதாவது மண்ணால் செய்த குழந்தைப் பொம்மை, எடுத்து வருவார்கள். பழைய குதிரை உடைந்தால் அங்கேயே கிடக்கும், மெல்ல மண்ணோடு போகும். அடுத்த எடுப்பில் புதுசு வரும்.

அப்புறம் சனம் ஊரைவிட்டுக் கிளம்பியது. திருப்பூர், சென்னை, சிங்கப்பூர். பல வருசம் விளக்கேற்றக்கூட ஆள் இல்லை. நவீன வாழ்க்கை சாமியை விழுங்கிவிட்டது என்று அப்போது நானும் நினைத்தேன்.

அது தப்பு. வாட்ஸ்அப் குழு ஒன்று தொடங்கியதும், எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியாத பங்காளிகளெல்லாம் வந்து சேர்ந்தார்கள். தலைக்கட்டு வரி ஜிபேயில் வந்து குவிந்தது. இப்போது மாசி சிவராத்திரிக்குக் கார் நிறுத்த இடம் இல்லை. இன்னார் பிள்ளை என்று ஒருவரும் கேட்காத ஊரில் வேலை செய்கிறவனுக்கு, என் சாமி இது, என் மண் இது என்று காட்ட ஓர் இடம் வேண்டியிருக்கிறது. என் தம்பியிடம் அதைக் கண்ணால் பார்த்தேன். சிங்கப்பூரில் பிறந்த மகனுக்கு இங்கே வந்துதான் மொட்டை போட்டு, தாய்மாமன் மடியில் வைத்துக் காது குத்தினான்.

சரி, பிறகு என்னதான் குறை என்கிறீர்களா? பணத்தோடு ஒரு கோயில் எப்படி இருக்க வேண்டும் என்ற படமும் சேர்ந்து வந்தது. கொட்டகை போய் கான்கிரீட் மண்டபம், தரைக்கு டைல்ஸ், கொடையாளர் பேரெல்லாம் கிரானைட்டில். கார் நிறுத்தக் காட்டில் பாதியை அழித்தோம். மண்குதிரைகளை ஜேசிபி ஓரமாக ஒதுக்கியது. அந்த இடத்தில் சிமெண்டில் இரண்டு குதிரைகள். "இனிமே உடையவே உடையாது" என்று குழுவில் எல்லோரும் பெருமைப்பட்டார்கள். உடையாத குதிரைக்குப் பிடிமண் எதற்கு, வேளார் எதற்கு, எடுப்புதான் எதற்கு? அன்று இது ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

கிடா வெட்டுவதும் கோயிலைவிட்டுப் போய்விட்டது. 1950-ஆம் ஆண்டின் உயிர்ப்பலித் தடைச் சட்டத்தை 2003-இல் தமிழக அரசு கடுமையாக அமல்படுத்தச் சொன்னது. எதிர்ப்பு கிளம்பி, 2004-இல் சட்டத்தையே திரும்பப் பெற்றார்கள். அந்தச் சட்டத்துக்கு அசையாத எங்கள் ஊர், பிள்ளைகள் முகம் சுளிக்கிறார்கள் என்றதும் தானாக நிறுத்திக்கொண்டது. கருப்பருக்கு இப்போது சர்க்கரைப் பொங்கல். கூரையும் போட்டாயிற்று.

பழையதெல்லாம் நல்லது என்று நான் சொல்லவில்லை. முதல் மரியாதைக்காக மண்டை உடைந்திருக்கிறது. யார் எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும் என்பதைச் சாதி முடிவு செய்தது. இதெல்லாம் கூடாது என்று முதலில் எழுதியவர்கள் வெளியூரில் வளர்ந்த எங்கள் பிள்ளைகள்தான். அந்த மாற்றத்தை மனதார வரவேற்கிறேன்.

புதுப்பொருள் உள்ளே வருவதும் எனக்குக் கவலை இல்லை. எங்கள் மாவட்டத்திலேயே இருக்கும் குளமங்கலம் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயிலில் மாசி மகத்தன்று பாருங்கள். முப்பது அடிக்கும் மேல் உயர்ந்து நிற்கும் குதிரைக்கு ஆயிரக்கணக்கில் காகிதப் பூமாலைகள் விழும். காகிதமும் மாலை ஏற்றி வரும் வேனும் இந்தக் காலத்துச் சங்கதிகள்தான். ஆனாலும் அந்தக் கோயிலைப் படத்தில் பார்த்தாலே எந்த ஊர் என்று சொல்லிவிடலாம். எங்கள் கோயில் படத்தைக் காட்டினால் எந்த ஊராகவும் இருக்கலாம். வலிப்பது அதுதான்.

போன சிவராத்திரிக்குப் பிறகு, திரும்பவும் ஒரு மண்குதிரையாவது எடுப்போம் என்று குழுவில் எழுதினேன். பக்கத்து ஊர் வேளார் ஒருவர் செய்து தரச் சம்மதித்திருக்கிறார். எங்கள் கண்மாயில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது, மண் எடுக்க அனுமதி வேண்டும். மனு கொடுத்திருக்கிறோம். வேளார் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: காசை அனுப்பிவிட்டுப் போனில் வேலை சொல்லக் கூடாது, பிடிமண்ணை நீங்களே வந்து என் கையில் கொடுக்க வேண்டும். தம்பி லீவு கேட்டிருக்கிறான்.