சூப்பர்வைசர் ஏன் நிற்பதில்லை?

கேள்வி: திருப்பூரில் 24 மிஷின்களோடு ஜாப் ஒர்க் யூனிட் நடத்துகிறேன். பதினேழு வயதில் கைமடியாக (டெய்லருக்கு உதவியாளாக) சேர்ந்து, டெய்லராகி, எட்டு ஆண்டுகளுக்கு முன் சொந்தமாக ஆரம்பித்தேன். காலை ஏழரைக்குப் போனால் வீடு திரும்ப இரவு பத்தாகிறது. ஒரு நாள் நான் இல்லாவிட்டால் ஏதாவது தப்பு நடந்துவிடுகிறது. இரண்டு ஆண்டுகளில் மூன்று சூப்பர்வைசர்கள் போய்விட்டார்கள். கடைசியாக இருந்தவர் கெட்டிக்காரர். ஒரு நாள் சைஸ் லேபிள் மாறியிருக்கிறது என்று லைனை இரண்டு மணி நேரம் நிறுத்திவிட்டார். மாலையில் டெலிவரி இருந்ததால் எல்லார் முன்னாலும் சத்தம் போட்டுவிட்டேன். (அவர் சொன்னது சரி என்று பிறகு தெரிந்தது.) மறுவாரம் கணக்கு முடித்துக்கொண்டு போய்விட்டார். இப்போது புதிதாக ஒருவர் வந்திருக்கிறார். மூவாயிரம் கூடக் கொடுத்தால் நிற்பாரா? பில் பணம் வர மூன்று மாதம் ஆகிறது. அதற்கும் நான்தான் அலைகிறேன்.
– வாசகர், திருப்பூர்

பதில்: கடிதத்தின் முக்கியமான வரியை அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டீர்கள். மூவாயிரத்தைப் பிறகு பார்க்கலாம், முதலில் அந்த வரி.

அன்று லைன் ஓடியிருந்தால் எல் சைஸ் பனியன் எம் லேபிளோடு பெட்டிக்குள் போயிருக்கும். ஆயிரம் பீஸ் லாட் என்றால் பையரின் ஆள் 80 பீஸ் எடுத்துப் பார்ப்பார். ஏ.க்யூ.எல். என்பது எத்தனை குறை வரை ஏற்கலாம் என்ற வரம்பு. வழக்கமான 2.5 ஏ.க்யூ.எல். கணக்கில் 5 பீஸ் வரை குறை இருந்தால் லாட் பாஸ். ஆறாவது கண்ணில் பட்டால் மொத்த லாட்டும் திரும்பும். பெட்டியைத் திறந்து, பாலிபேக்கை உருவி, லேபிளைப் பிரித்து, வேறு லேபிள் தைத்து, மறுபடி அயர்ன், மறுபடி பேக்கிங். இதற்கு முன் இரண்டு மணி நேரம் எம்மாத்திரம் என்று கைமடியிலிருந்து வந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அன்று உங்கள் டெய்லர்கள் ஒரு பாடம் படித்தார்கள். தப்பைக் கண்டு நிறுத்தினால் திட்டு, கண்டும் காணாமல் தைத்தால் பீஸ் ரேட். பிறகு, நீங்கள் இல்லாத நாளில் தப்பு நடப்பதில் என்ன ஆச்சரியம்?

ஜப்பானில் சகிச்சி டொயோடா 1924-ல் செய்து முடித்த தானியங்கித் தறியில் ஒரு பாவு நூல் அறுந்தால் தறி தானாகவே நின்றுவிடும். அவர் குடும்பத்தின் கார் ஆலையில் பிற்பாடு, குறையைக் கண்ட தொழிலாளி கயிற்றை இழுத்து லைனை நிறுத்தலாம் என்று ஆனது. மேலாண்மை வகுப்புகளில் சொல்லிச் சொல்லித் தேய்த்த கதைதான். ஆனாலும் துணியிலிருந்து பிறந்த கதை என்பதால் உங்களிடம் சொல்கிறேன். கயிறு கட்டுவது பெரிய வேலை இல்லை. இழுத்த ஆளை முதலாளி எந்த முகத்தோடு பார்க்கிறார் என்பதை மற்றவர்கள் கவனிப்பார்கள்.

நானும் இதில் யோக்கியன் அல்ல. லேத் பட்டறை வைத்திருந்த காலத்தில், ஃபோர்மேன் அளவு தவறிய ஷாஃப்டை ஓரமாக எடுத்து வைப்பார். நான் போய் மைக்ரோமீட்டரை வைத்துப் பார்த்து, 'ஓடும், போடு' என்று மறுபடி தட்டில் போடுவேன். ஆறு மாதத்தில் அவர் அளப்பதையே விட்டுவிட்டார். எதைக் கேட்டாலும் 'முதலாளி பார்த்துக்கொள்வார்.' பார்த்துக்கொண்டேன், இரவு பதினொரு மணி வரை.

புதியவரோடு உட்கார்ந்து ஓர் அரைத்தாளில் எழுதுங்கள். குறை கண்டால் லைனை நிறுத்துவது, டெய்லரை மிஷின் மாற்றி உட்கார வைப்பது, ஆல்டர் பீஸை, அதாவது திருத்த வேண்டிய பீஸை, தைத்தவரிடமே திருப்புவது, ஒரு நாள் லீவு, ஆயிரம் ரூபாய்க்குள் ஊசி, பெல்ட், மெக்கானிக் செலவு: இவற்றுக்கு உங்களைக் கேட்க வேண்டாம். டெலிவரி தேதி, பீஸ் ரேட், ஆளை வேலையை விட்டு நிறுத்துவது ஆகியவை உங்களைக் கேட்டுத்தான். எழுதியதை டெய்லர்கள் முன்னால் நீங்களே படித்துக் காட்ட வேண்டும். அவர் படித்தால் மதிக்க மாட்டார்கள்.

சோதனை சனிக்கிழமை வரும். சம்பள நேரத்தில் அவரைத் தாண்டி உங்களிடம் வந்து, 'அண்ணா, பையனுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்ட வேண்டும், இரண்டாயிரம் அட்வான்ஸ்' என்று நிற்பார்கள். ஒரு காலத்தில் உங்கள் பக்கத்து மிஷினில் உட்கார்ந்து தைத்தவர்கள், இல்லை என்று சொல்ல வாய் வராது. சொல்லவும் வேண்டாம். 'சூப்பர்வைசரிடம் கேட்டீர்களா?' என்று மட்டும் கேளுங்கள். மாதம் இவ்வளவு என்று ஒரு தொகையை அட்வான்ஸுக்காக அவர் கையில் கொடுத்து, நோட்டில் கணக்கு எழுதச் சொல்லுங்கள். லீவும் அட்வான்ஸும் உங்கள் கையில் இருக்கும்வரை உங்கள் யூனிட்டில் சூப்பர்வைசர் கிடையாது, கூடுதலாக ஒரு செக்கர் இருக்கிறார்.

முதல் மாதத்திலேயே அவர் ஏதாவது ஒரு முடிவைத் தப்பாக எடுப்பார். நிறுத்த வேண்டாத லைனை நிறுத்துவார். அப்போது உங்கள் நாக்கு துறுதுறுக்கும். மாலை வரை அடக்கிக்கொண்டு, எல்லாரும் போன பிறகு கட்டிங் டேபிள் பக்கம் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். யாருடைய கையாவது ஊசியில் மாட்டப்போகிறது என்றால் மட்டும் அங்கேயே கத்தலாம்.

மூவாயிரமா? பக்கத்து யூனிட்டைவிடக் குறைவாகக் கொடுக்கிறீர்கள் என்றால் கொடுத்துவிடுங்கள், அது நியாயம். அதற்காக மட்டும் யாரும் நிற்க மாட்டார்கள்.

லைனில் மிச்சமாகும் நேரத்தைப் பில்லுக்குச் செலவிடுங்கள். உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) இல்லையென்றால் உடனே செய்யுங்கள், கட்டணம் கிடையாது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு தொழில் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் தவணை போட முடியாது. ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள்தான். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு, மாதக் கூட்டு வட்டி. அடுத்த ஆர்டரும் அதே கம்பெனியிலிருந்து வர வேண்டும் என்னும்போது சட்டத்தைத் தூக்கிக்கொண்டு போக முடியாது, தெரியும். சண்டைக்குப் போக வேண்டாம், உத்யம் எண்ணைப் பில்லிலேயே அச்சடித்துவிடுங்கள். கெடு தாண்டி நிற்கும் தொகையை, கொடுத்து முடிக்கும்வரை வருமான வரியில் செலவாகக் காட்ட முடியாது என்ற விதி 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து வந்திருக்கிறது. மார்ச் நெருங்கும்போது அவர்களுடைய ஆடிட்டரே உங்கள் பில்லைத் தேடுவார்.

இன்னும் ஒன்று. போன சூப்பர்வைசரின் எண் உங்கள் போனில் இருக்கும். கூப்பிட்டு, லேபிள் விஷயத்தில் நீங்கள் செய்ததுதான் சரி என்று சொல்லிவிடுங்கள். திரும்பி வரச் சொல்லாதீர்கள், சொன்னால் அது பேரமாகிவிடும்.