எச்.ஐ.வி. உள்ளவருக்கு பிளேட்லெட் குறைந்தால் காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

ரத்தம் உறைய உதவும் நுண்ணிய அணுதான் பிளேட்லெட். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 1.5 லட்சத்துக்குக் கீழே போனால் குறைவு என்பார்கள்.

மாடித் தொட்டியில் தண்ணீர் குறைந்தால் மோட்டார் ஏற்றவில்லையா, குழாய் ஒழுகுகிறதா என்று பார்ப்போமே, அதே கதைதான். எலும்பு மஜ்ஜையில் பிளேட்லெட்டைத் தயாரிக்கும் செல்களையே இந்த வைரஸ் தாக்கும், உற்பத்தி குறையும். இன்னொரு பக்கம், குழம்பிப்போன எதிர்ப்புசக்தி பிளேட்லெட் மேல் ஆன்டிபாடியை (கிருமிகளை அடையாளம் காட்டும் புரதம்) ஒட்டிவிட, மண்ணீரல் அவற்றை அழித்துவிடும்.

அதற்காக எல்லாப் பழியையும் எச்.ஐ.வி. மேல் போடக் கூடாது. முதலில் அந்த எண்ணிக்கையே நிஜமா? சாம்பிள் குழாயில் உள்ள இ.டி.டி.ஏ. என்ற ரசாயனத்தால் சிலருக்கு பிளேட்லெட்டுகள் கொத்தாக ஒட்டிக்கொள்ளும். மெஷின் குறைத்து எண்ணிவிடும். ஸ்லைடில் தடவி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். அடுத்து, சாப்பிடும் மருந்துகள் (கோட்ரைமாக்சசோல், லினசோலிட் மாதிரி), ஹெபடைடிஸ் சி, மண்ணீரல் வீக்கம், டெங்கு, காசநோய் இவற்றில் ஏதாவது காரணமா என்று பார்ப்பார்கள். மற்ற அணுக்களும் சேர்ந்து குறைந்திருந்தால் மஜ்ஜைப் பரிசோதனை வரை போகலாம். வைரஸ்தான் காரணம் என்றால் எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மாத்திரையிலேயே பலருக்கு எண்ணிக்கை ஏறும்.

பிளேட்லெட் குறைந்தாலே எய்ட்ஸ் முற்றிவிட்டது என்று பயப்படுகிறார்கள்; சி.டி.4 (எதிர்ப்புசக்தியின் அளவைக் காட்டும் வெள்ளையணு எண்ணிக்கை) நன்றாக இருக்கும்போதுகூட, தொற்றின் எந்தக் கட்டத்திலும் இது வரலாம்.